கோயில் சுவரில் சாய்வாய் ஓர் ஓட்டை

டூங்கபி, சிட்னி

அன்பு மகள் நிரஞ்சினிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் தம்பி லதீசும் சுகம். நீ சுகமாய்த்தான் இருப்பாய், குரலிலேயே தெரிகிறது. நீ அனுப்பிய படங்களை லதீஸ் பெரிதாக்கிக் காட்டினான். நீ கல்யாணம் கட்டப்போகிற அந்த இங்கிலாந்துக் கிராமத்துக் கோயில் எண்ணூறு வருஷப் பழசு, வாசலின் அரைவட்ட வளைவு நோர்மன்காரர் கட்டினது, கூர் வளைவு யன்னல்கள் பிறகு வந்தவை, கோபுரம் அதற்கும் பிறகு, சமயம் மாறிய காலத்தில் சுவரிலிருந்த புனிதர் படங்களுக்கு மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், அதை நீங்கள் இப்போது மெல்லமெல்லச் சுரண்டி வெளியே எடுக்கிறீர்கள். நல்லது. பழங்கோயில் திருத்தப் படித்த பிள்ளை, கல்லுக்குக் காட்டுகிற பொறுமையில் கொஞ்சத்தை எனக்கும் காட்டியிருக்கலாம். கோபமாய்த்தான் எழுதுகிறேன். படகில் இங்கே வந்த எனக்கும் தம்பிக்கும் இன்னும் தற்காலிகப் பிரிட்ஜிங் விசாதான், நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா? நிரந்தர விசா வரும்வரை பொறு பிள்ளை என்று கெஞ்சினேன். எவ்வளவு காலமம்மா பொறுக்கிறது, கோயிலும் புக் பண்ணியாச்சு என்றாய். எண்ணூறு வருஷம் நின்ற கோயில் எனக்காக இன்னும் ஒரு வருஷம் நிற்காதா?

பக்கத்து வீட்டுக் கலா தமிழ்நாட்டுப் பிள்ளை. மகளுக்குக் கோயிலில் கல்யாணம் என்றதும், எந்தச் சாமி ஆன்ட்டி, நீங்க எப்பக் கிளம்புறீங்க என்று கேட்டாள். நாங்கள் சேர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்லுவோம் என்று விளங்கப்படுத்திவிட்டு, மற்றக் கேள்வியை அப்படியே விட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன். பிறகு நீ சொன்ன அந்தக் கோயில் ஓட்டை. பீடத்தைப் பார்த்தபடி வெளிச்சுவரில் சாய்வாய் வெட்டியது. உள்ளே விடாத குஷ்டரோகிகள் வெளியே நின்று அதற்குள்ளால் பூசை கண்டவையாம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அதே மூச்சில், கவலைப்படாதேங்கோ அம்மா, ஃபோனை வைச்சு லைவ் போடுவம், நீங்கள் வீட்டிலை இருந்து பாக்கலாம் என்றாய். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்று நான் சாப்பிடவில்லை.

சரி, நடக்கட்டும். கல்லுக் கட்டிடம் குளிரும், சேலைக்குள்ளே கம்பளி போடு. பெண் கோயிலுக்கு வெளிக்கிடும்போது தாய்தான் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். அதை வேறு ஒருவரையும் செய்ய விடாதே, வெறும் நெற்றியோடு போ. உங்கள் இருவரையும் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மறவாதே: ஃபோனை அந்த ஓட்டைக்குள் வை. மோதிரம் மாற்ற முதல் ஒருக்கால் அந்தப் பக்கம் திரும்பு. நான் இங்கிருந்து சிலுவையைப் போட்டுவிடுகிறேன்.

உன் அம்மா,
நேசமலர்