‘கோவம்’ என்ற சொல்லுக்குப் பிறகு

அக்கா,

இன்று காலை வீட்டில் புதிய பிராட்பேண்ட் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். சிறிது நேரத்தில் பெர்த்திலிருந்து மகன் கூப்பிட்டான். திரையில் அவன் முகம் பளிச்சென்று தெரிந்தது. காபி கலக்கும் கரண்டி கோப்பையில் இடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. “சாப்ட்டியாமா? லைன் கிளியரா இருக்கா? ஓகே, மீட்டிங் இருக்குலா, அப்புறம் கூப்பிடறேன்.” இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. இவ்வளவு தெளிவான லைன், அவசரமாகச் சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்றுதான்.

எண்பதுகளில் இங்கே சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி புளோக்கில் நாம் அடுத்தடுத்த வீடு. என் வீட்டில் டெலிபோன் இருந்தது, உங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. உங்கள் தங்கை தூத்துக்குடியில் இருந்தார். உங்கள் அம்மா இறந்தபோது நீங்கள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள், போக முடியவில்லை. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்து முடித்த தங்கை, இனிமேல் கடிதம் போடாதே என்று எழுதிவிட்டார். நீங்கள் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான்கு வருடமாகப் பதில் இல்லை. பிறகு அவருடைய கணவர் எழுதினார்: வயிற்றில் கட்டி, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

உங்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. “அது கைக்கு வர்றதுக்குள்ள அவ குரலையாவது கேட்டுடணும், ஜமீலா” என்று என் வீட்டுக்கு வந்தீர்கள்.

அவர்கள் தெருவில் மருந்துக்கடையில் மட்டும்தான் டெலிபோன். எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் பதிவு செய்துவிட்டு, லீவு போட்டு, என் வீட்டு நாற்காலியில் காத்திருந்தீர்கள். முதல் நாள் லைனே கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மருந்துக்கடைக்காரர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டே இருந்தார், நீங்கள் சொன்னது எதுவும் அவருக்கு எட்டவில்லை. மூன்றாம் நாள் தங்கையைக் கூட்டிவர ஆள் போயிருந்தபோதே லைன் அறுந்தது. நீங்கள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

“அவளை ரிக்‌ஷால வச்சுக் கூட்டிட்டு வருவாங்க. வந்து பாத்தா நான் இருக்க மாட்டேன்” என்றீர்கள்.

மறுபடியும் பதிவு செய்தோம். நாலாம் நாள் பேக்டரியில் லீவு தரவில்லை, நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குத்தான், மத்தியானம், மணி அடித்தது. எடுத்தால், மருந்துக்கடையிலேயே காத்திருந்த உங்கள் தங்கை.

“அக்காவா?”

“அக்கா வேலைக்குப் போயிட்டாங்க. நான் பக்கத்து வீடு. என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க.”

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “பரவாயில்ல. அக்காட்ட சொல்லுங்க. அக்கா மேல எனக்குக் கோவம்...”

அதற்கு மேல் ஒரே இரைச்சல். “இருக்கா, இல்லையா? திருப்பிச் சொல்லுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைன் செத்துவிட்டது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அடுத்த லைன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நம் பேச்சில் இருக்கு என்பதும் இல்லை என்பதும் கடைசியில்தானே வருகிறது. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் பாழாய்ப்போன லைன் விழுங்கியது.

சாயங்காலம் பேக்டரி யூனிபார்மோடு நேராக என் வாசலுக்கு வந்தீர்கள். “வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னாங்க.”

“இல்லன்னு சொன்னாளா? நீ காதால கேட்டியா?”

“கேட்டேன்.”

நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதீர்கள். அதன்பிறகு ஒரு தடவையும் லைன் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தந்தி வந்தது. அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னையும் கூட்டிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போவீர்கள். தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். “என் தங்கச்சி கோவம் இல்லன்னு சொல்லிட்டுத்தான் போனா. இவதான் போன்ல கேட்டா.” நான் முருங்கைக்காயைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வேன். உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை அன்னைக்கு நீயாச்சும் வீட்டுல இருந்த” என்றீர்கள். உங்கள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அதனால் இப்போது எழுதுகிறேன். அக்கா, அந்த வார்த்தை என் காதில் விழவில்லை. விழுந்ததெல்லாம் அவருடைய குரல்தான். அது மெலிந்திருந்தது, ஆனால் கடுகடுப்பு இல்லை. அதை வைத்து மிச்சத்தை நானாகச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது. அந்த இரைச்சலை நினைத்தால் இந்த வயதிலும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் நீங்கள் மறுபடியும் அந்த வாசலில் வந்து நின்று, காதால கேட்டியா என்றால், கேட்டேன் என்றுதான் சொல்லுவேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜமீலா