காற்றில் விழுந்த விறகு

பழவேற்காட்டு பாய்க்கு,

பழைய நோட்டு செல்லாமல் போய், அடுத்த மாதமே வர்தா புயல் அடித்ததே, அந்த வருஷம்தான் என் காட்டை வெட்ட நீ ஆள் கூட்டி வந்தாய். அன்றைக்கே மரம் காக்கும் சங்கத்தார் ஜீப்பில் வந்து, வெட்டாமல் விட்டால் வருஷாவருஷம் பணம் தருவதாகச் சொன்னார்கள். விறகுக்கு மரம் தருவதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்த நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீதான் சிரித்தாய்.

"இன்னாய்யா யோசிக்கிற? டப்ப வாங்கினு காட்ட உடு. எனக்கு வெறகா கெடைக்காது?"

கிடைக்கவில்லை. ஊரில் எல்லாரும் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வெட்டுவதை நிறுத்த, நீ விறகுக்கடையை மூடினாய். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

சுற்றிலும் கம்பெனிகள் வந்து நிலத்தடி நீரை உறிஞ்சிய பிறகும், சித்திரையில் என் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. அந்தக் காடு கொடுத்தது அது.

தானாக விழுந்த மரத்தை எடுக்க அனுமதி உண்டு. போன மழையில் காற்றுக்கு விழுந்ததைப் பிளந்து காயவைத்திருக்கிறேன். உன் பேத்தி அஃபீஃபாவின் கல்யாணப் பிரியாணிக்கு ஒரு வண்டி வருகிறது. விலை பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அன்று என்னோடு நின்ற என் தம்பி துளசிராமன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்று கோடாலியோடு வந்த உன் ஆட்களும் போய்விட்டார்கள். நன்றி சொல்ல எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருவன்தான், ஹனீப்.

மருமகள் எழுத, கைநாட்டு வைத்த
உன் கண்டிகை ஊர்க்காரன்