மாதப்பனுக்குச் செய்த ஆடுபுலிப் பலகை

மாரண்டஹள்ளி
9.12.2025

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

அந்தக் குளிரிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டிவலி மழை விட்டதும் குறைந்துவிட்டது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்க் காய் வாங்கி வருகிறாள், தைலத்தை மட்டும் தேய்க்கமாட்டேன் என்கிறாள், நீ போனில் ஒரு வார்த்தை சொல்லு. இந்த வருஷம் மழை பரவாயில்லை, ஏரியில் தண்ணீர் நிற்கிறது, ஓசூர் போகிற தக்காளி லாரிகள் விடியற்காலையிலேயே நம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இதையெல்லாம் அம்மாவே வாராவாரம் போனில் சொல்கிறாளே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லலாம் என்று மூன்று வாரமாகப் பார்த்தேன், ஆரம்பிக்கிற நேரத்தில் போனை அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன்னுடைய மெஷினைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீ போலந்துக்குப் போய் மூன்று வருஷமாகிறது, ஷெட்டில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்குகிற அந்தச் சி.என்.சி. மெஷினும் பக்கத்தில் கடைசல் லேத்தும் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தன. போன வைகாசியில் அவற்றை விற்றுவிடலாம் என்று நான் முடிவு பண்ணினேன், உன்னைக் கேட்கக்கூட இல்லை. கிருஷ்ணகிரியில் கதவுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார், ஓட்டிக் காட்டினால்தான் எடுப்பேன் என்றார். எலி கடித்த ஒயரை மாற்றி, எர்த் சரி பார்த்து, கரண்ட் கொடுத்து வைத்தேன், அது என் வேலைதானே. அவர் வந்ததும் முதலில் மெஷின் தலை ஓடுகிற, தண்டவாளம் மாதிரி இருக்கிற அந்த இரண்டு கம்பிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. நீ போகிறபோது கிரீஸ் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அப்புறம்தான் தார்ப்பாய் போட்டிருக்கிறாய், எனக்கு அது தெரியாது. பிறகு உன் பென்டிரைவில் இருந்து ஒரு பூ டிசைனை எடுத்து ஓடவிட்டார். ஊசி மாதிரி ஒரு பிட் மரத்துக்குள் இறங்கி, தானாகவே இதழ் இதழாகச் சுற்றி வந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்தடவை நின்று பார்த்தேன். அந்த மனுஷர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத செட் பண்ணவரு யாருங்க, வேல தெரிஞ்சவருங்க, இப்படி ஒரு ஆளு எனக்கு இருந்தா நான் கடைய இன்னும் ரெண்டு மடங்கு பெருசு பண்ணிருப்பேன்” என்றார். என் பையன்தான் என்று சொன்னேன். அவர் மறுபடி என்ன கேட்டார் என்று நினைவில்லை, ஆனால் நான் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார்.

அவர் போன பிறகு மேஜை டிராயரில் உன் நோட்டு கிடைத்தது, அந்தப் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. என்றைக்கு எந்த மரம், எந்த பிட், என்ன தப்பு, ஏன் தப்பு என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாய். முதல் நான்கு மாசத்தில் மட்டும் நாற்பத்தோரு பிட் உடைந்திருக்கிறது. ஒரே நாளில் மூன்று உடைந்திருக்கிறது, அன்றைக்கும் நீ எங்களோடு உட்கார்ந்து ஒன்றும் நடக்காத முகத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அறுபத்திரண்டு வயதில் உன்னிடம் படிக்க உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிட் மாட்டிய ஸ்பிண்டில் சுற்றுகிறதா என்று காதால் கேட்ட பிறகு ஸ்டார்ட் அழுத்தவும் என்று நீ இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தும், சுற்றாத பிட்டை மரத்துக்குள் இறக்கி டப்பென்று உடைத்தேன். அப்புறம் அம்மா பெயரில் ஒரு பலகை போடலாம் என்று இருபது அங்குலத்துக்கு அளவு கொடுத்தேன். அங்குலத்தை மெஷின் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய பலகையின் நடுவில் தபால்தலை அகலத்துக்கு என்னமோ கிறுக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டது. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன எறும்பு வூட்டுக்குப் போர்டா என்று கேட்டாள். அளவைச் சரி பண்ணினால் தமிழ் எழுத்து சரியாக விழவில்லை, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி ஆகாயத்தில். அதற்கும் நோட்டில் வழி இருந்தது, எழுத்தை வேறு புரோகிராமில் டைப் அடித்துப் படமாக மாற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தாய். பன்னிரண்டாவது நாள் ‘தீர்த்தம்மாள் இல்லம்’ என்று சுத்தமாக வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தாள். அப்புறம், “அவன் இருந்தப்ப ஒரு நாளு இப்படி உக்காந்து பாத்திருக்கலாமில்லீங்க” என்றாள்.

லேத் இன்னும் மோசம். மெஷின் செதுக்குகிறபோது நாம் தள்ளி நிற்கலாம், லேத்தில் உளி நம் கையில் இருக்கிறது, சுற்றுகிற மரத்துக்கு எங்கே வைத்தால் பிடிக்கும், எங்கே வைத்தால் கடிக்கும் என்று கை படித்தால்தான் தெரிகிறது. முதலில் ஒரு பூரிக்கட்டை கடைந்தேன், நடுவில் வயிறு வைத்துவிட்டது, இருந்தாலும் அம்மா அதில்தான் இப்போது சப்பாத்தி தேய்க்கிறாள். இரண்டாவதாக, காற்றில் விழுந்த நம் மாமரத்துக் கட்டையில் ஒரு கிண்ணம். ஈர மரம் ஆகாது என்று தெரியாமல் கடைந்துவிட்டேன், பார்க்க அழகாகத்தான் வந்தது, ஒரு வாரத்தில் முட்டை மாதிரி கோணி விளிம்பிலிருந்து அடிவரைக்கும் வெடித்துவிட்டது. இன்னொரு கட்டை உளியில் மாட்டிப் பறந்துபோய் ஷெட் தகரத்தில் ஒரு பள்ளம் போட்டது. பயப்படாதே, முகத்துக்கு நீ வைத்துவிட்டுப் போன கண்ணாடி மூடி போட்டிருந்தேன், அன்றைக்கு அது இல்லை என்றால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். என்னோடு கரண்ட் ஆபீசில் இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறிய மாதப்பன் மாமாவை உனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரையில் கண் இரண்டும் போய்விட்டது, போன வருஷம் ஆடியிலிருந்து சுத்தமாகத் தெரியவில்லை. அதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை, டீக்கடைக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போவதை ஊர் பார்க்கும் என்கிற எண்ணம். நான் வாரத்துக்கு ஒரு தடவை போவேன், உட்காருவேன், இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது, டிவி சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். நாங்கள் சப்ஸ்டேஷனில் டியூட்டி பார்த்த காலத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்று கல்லையும் பதினைந்து புளியங்கொட்டையையும் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம், அவர் என்னை ஜெயிக்கவிட்ட நாள் குறைவு. கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டால் விரலால் பார்க்கட்டுமே என்று எனக்கு ஆவணி மாசம் ஒரு நாள் தோன்றியது.

ஒன்றரை அடிக்கு ஒரு வேப்பம்பலகை எடுத்து, கோடுகளை விரல் நுனி இறங்குகிற ஆழத்துக்கு மெஷினில் பள்ளமாக வெட்டினேன். கோடு சேருகிற இருபத்து மூன்று இடத்திலும் ஒரு துளை, காயைத் தடவும்போது தள்ளிவிடாமல் இருக்க அதில் குத்தி நிறுத்துகிற மாதிரி. காய்களை லேத்தில் கடைந்தேன், ஆட்டுக்குத் தலை மொழுமொழு என்று உருண்டை, புலிக்குத் தலையைச் சுற்றி இரண்டு வரி. சொல்ல சுலபமாக இருக்கிறது. பதினைந்து ஆடும் பதினைந்து அளவில் வந்தன, அட்டையில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக் கடைந்து, நாற்பது ஆட்டில் பதினைந்தைத் தேற்றினேன். துளையையும் காயின் காலையும் ஒரே அளவில் வைத்துவிட்டேன், மழை ஈரத்தில் மரம் ஊறி ஒரு காயும் இறங்கவில்லை, பலகையை மறுபடி முதலிலிருந்து வெட்டினேன். ஐப்பசி கடைசியில்தான் முடிந்தது.

துணியில் சுற்றி எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன், என்ன என்று சொல்லவில்லை. கையை வைத்தார், விரல் ஒரு கோட்டில் விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய் உச்சிப் புள்ளியைத் தொட்டதும் அப்படியே நிறுத்திவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். “பொய் சொல்லாதப்பா, நீ சுவத்துல ஒரு ஆணிய நேரா அடிச்சதில்ல” என்றார். இளம்பரிதி மெஷினில், அவன் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தேன் என்றேன். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவதில் என் மூன்று புலியையும் மூலையில் அடைத்து நிறுத்திவிட்டுச் சிரித்தார், உள்ளே இருந்து அவர் சம்சாரம் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார்கள், அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவர் அதைச் சொன்னார். “கிருஷ்ணப்பா, எம் பொண்ணு கல்யாணத்துல, பந்தியில உன்னை யாரோ பையன் என்ன பண்றான்னு கேட்டாங்க. மரத்தூளு கூட்டறான்னு சொன்ன. எதிர் வரிசையில அவன் உக்காந்திருந்தான். பாதிச் சோத்துல எலைய மடிச்சிட்டு எந்திரிச்சுப் போனான். நீ பாக்கல, நான் பாத்தன். உங்கிட்ட சொல்லணும்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தன்” என்றார்.

நான் அதைச் சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். சொன்னது ஞாபகம் இருந்தது, எல்லோரும் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. நீ எதிரில் இருந்தது மட்டும் தெரியாது. அதற்கு அப்புறம் இரண்டு மாசத்தில் நீ போலந்துக்குக் கையெழுத்துப் போட்டாய், இங்கே ஆர்டர் வராததால்தான் போகிறாய் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏறி உயிரைக் கையில் பிடித்து வேலை பார்த்தவன் நான், நின்று பார்க்கிற வேலை எனக்கு வேலையாகவே தெரியவில்லை. அப்பா பேசியது தப்பு, இளம்பரிதி. நல்ல வேலைக்காரனை நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசினேன், அவன் என் மகனாக இருந்தும் பேசினேன். நீ மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். மனசு அவ்வளவு நொந்து போனவன், நான் சீண்டக்கூட மாட்டேன் என்று தெரிந்தும் அந்த மெஷினுக்குக் கிரீஸ் பூசி மூடிவிட்டுப் போயிருக்கிறாய், ஒவ்வொரு தப்பையும் அடுத்தவன் படித்தால் புரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறாய். அந்த நோட்டு இல்லை என்றால் எனக்கு இந்தக் கைவேலை வந்திருக்காது, மாதப்பன் இன்றைக்கும் அந்த டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். அதை நினைக்காமல் நான் ஷெட்டைத் திறப்பதில்லை. நீ எனக்குக் கொடுத்ததற்கு நன்றி என்று மகனிடம் சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை, பரவாயில்லை, சொல்கிறேன்.

மாதப்பன் இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு நம் ஷெட்டுக்கு வந்துவிடுகிறார். ஆட்டம் முடிந்த அன்றைக்கே பலகையின் ஓரத்தைத் தடவி, இங்கே சரியாகத் தேய்க்கவில்லை என்று குற்றம் சொன்னார், நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது. மூன்றாம் நாள் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தே வந்தார், உப்புத்தாள் கொடு என்றார். இப்போது நான் கடைகிற எல்லாவற்றையும் அவர்தான் தேய்க்கிறார், மூக்குக்குத் துணி கட்டிவிட்டுத்தான் உட்கார வைக்கிறேன். பிட் மழுங்கினால் சத்தம் மாறுதுப்பா நிறுத்து என்று என்னைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்குக் கண் வைத்தியம் பார்த்த தர்மபுரி ஆஸ்பத்திரியில் பழக்கமான இன்னொருவருக்கும் இதே மாதிரி ஒரு பலகை வேண்டுமாம், தை பிறப்பதற்குள் செய்துவிடலாம் என்று இருவரும் முடிவு பண்ணியிருக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது, ஸ்பிண்டில் அரை மணி நேரம் ஓடினால் சூடாகிறது, பேரிங்கா வேறு ஏதாவதா என்று நோட்டில் இல்லை, நீதான் சொல்ல வேண்டும்.

அங்கே ஃபேக்டரியில் கையுறை போட்டுக்கொண்டு சுற்றுகிற மெஷின் பக்கம் போகாதே, தூக்கக் கலக்கத்தில் ஷிப்டுக்கு நிற்காதே. பனியில் சறுக்காத செருப்பு வாங்கிக்கொள். அம்மா புளிக்காய்ச்சலும் கொள்ளுப் பொடியும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள், திறந்ததும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடு. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கை தொட்ட மரமெல்லாம் உனக்குச் சொன்னபடி கேட்க வேண்டும், முனியப்பன் சாமி எப்போதும் உன் பக்கத்தில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதே. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
கிருஷ்ணப்பன்