சூடாயிருந்த கம்ப்யூட்டர்

மறந்துவிட்ட போனை எடுக்க மதியம், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கண்டமங்கலம் வீட்டுக்கு ஓடிவந்த இருதயசெல்வி, கம்ப்யூட்டர் பெட்டியில் கை பட்டதும் திடுக்கிட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ரெசல்யூஷனைக் குறைத்து வைத்ததில் திரையில் எழுத்துகள் இட்லி இட்லியாய்ப் பெருத்திருந்தன. புதிய கேமை இழுக்க முடியாமல் அந்தப் பழைய பிராசசர் திணறும்போது கணவன் சின்னப்பராஜ் செய்கிற வேலைகள்தான் இவை. ஆனால் அவன் பாண்டிச்சேரியில் வேலையில் அல்லவா இருக்க வேண்டும்? இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறான் போல, வீட்டில் ஆளைக் காணோம்.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அவரு வேலைலேர்ந்து நின்னு ஒரு மாசம் ஆவுதுங்களே" என்றார்கள்.

காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ஏங்க, குழம்பு மூடி வச்சிருக்கேன். சுட வச்சு சாப்பிடுங்க. சாயங்காலம் திண்டிவனத்துலேர்ந்து எங்கண்ணன் வர்றாரு. வேல போன விஷயத்த அவருகிட்ட மூச்சு விடாதீங்க, மொதல்ல நான் கேக்கணும். தெனமும் வேர்வையே இல்லாம பஸ்ஸ விட்டு எறங்கி வர்றீங்களேன்னு, எவ வீட்டுக்கோ போய்க்கினு இருக்கீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கடைசில நம்ம வூட்லயே கேம் ஆடிக்கினு இருந்திருக்கீங்க. பெட்டி எரிஞ்சிடப் போவுது, கொஞ்சம் ஆற விடுங்க."

தாளை மேசைமேல் வைத்துவிட்டு வாசல்வரை போனாள். கோபம் ஆறவில்லை. திரும்பி வந்து, அடியில் இடமில்லாததால் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி சேர்த்தாள்:

"எங்கிட்ட சொல்ல அவ்ளோ பயமா?"