தகடு அமுக்கிய தடம்

மக்கா,

இன்று காலை அந்த ரோமாபுரிப் படம் நம் பிரேம் கடைக்குத் திரும்பி வந்தது. பேராசிரியரின் மகள் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். கண்ணாடிக்குள் பூச்சி ஏறிவிட்டது, வேறு சட்டம் போட வேண்டுமாம். மேசையில் கவிழ்த்து வைத்துப் பின்புறத்துக் காகிதத்தைக் கிழித்ததும், பழைய பசையும் பூஞ்சையுமாக ஒரு வாடை எழுந்தது. இதே மேசையில் என்னோடு வேலை செய்த நீ தோளுக்குப் பின்னால் நிற்பதாகவே பட்டது. சிரிக்காதே, உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன்.

ஆணிகள் நீ அடித்தவை. ஒன்றுகூட ஆடவில்லை. பிடுங்க மனம் வராமல் படத்தை நிமிர்த்தினேன். இடிந்த வளைவு, அதன் தலையில் முளைத்த செடி, சாய்ந்த தூண்கள், நிழலில் இரண்டு ஆடுகள். தூணடியில் கட்டைவிரல் நக அளவில் ஒரு மனிதன், கையைக் கீழே நீட்டியபடி. பொன்முடிப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பேராசிரியருக்குக் கிடைத்த படம். முதல்முறை பார்த்தபோது நீ சொன்னாய்: "இடிஞ்சு கெடக்கதயும் ஒருத்தன் மெனக்கெட்டு வரைஞ்சிருக்கான் பாரு. அது செரி, இவன் என்னத்தலே கை காட்டுகான்?"

அவன் காட்டியது கீழே, நம் இருவருக்குமே படிக்கத் தெரியாத ஏதோ மொழியில் இருந்த ஒரு வரி எழுத்தை. அந்த வரியை வெட்டி எறிந்தவன் நான்.

படத்தைச் சுற்றிப் பள்ளமாக ஒரு கோடு ஓடியது. முன்பு யாரோ வைத்த அட்டை அமுக்கிய தடம் என்று நினைத்தேன். கையிருப்பில் இருந்த சட்டமோ அரை அங்குலம் குட்டை. பிரேம் போடுகிறவன் புத்தி வேறு எங்கே போகும்? அந்தக் கோட்டுக்கு உள்ளேயே, கீழிருந்த எழுத்தும் போக, நான்கு பக்கமும் நேராக வெட்டிவிட்டு, சுத்தமான வேலை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். கடை வழக்கப்படி உள் அட்டையில் பென்சிலால் 'வெட்டு' என்று போட்டு என் பெயரை எழுதினேன். "மெல்ல எழுதுலே, அட்டைய ஓட்ட போட்டுராத" என்று எப்போதும்போல் கிண்டல் செய்துவிட்டு, நீ கீழே 'ஆணி' என்று போட்டு உன் பெயரை எழுதி அடித்து மூடினாய்.

வாங்க வந்த பேராசிரியர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செம்புத் தகட்டை ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் படம் இது, அந்தப் பள்ளம் தகட்டின் விளிம்பு, அசல் என்பதற்கு அதுவே சாட்சி என்றார். முதலாளிதான் கத்தினார்: "தொறடே, எவன் வெட்டுனான்னு பாக்கட்டும்." நீ படத்தை உன் பக்கம் இழுத்து, எங்களுக்கு முதுகு காட்டி ஆணிகளைப் பிடுங்கினாய். உன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் கிடக்கும். அட்டையை நீட்டியபோது இரண்டு வரியிலும் உன் பெயரே இருந்தது.

"நாந்தான் மொதலாளி. தெரியாம செஞ்சிட்டேன்."

பத்து நாளில் எனக்குத் தோவாளையில் கல்யாணம். பசைத் தூரிகையைப் பிடித்தபடி நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதே அட்டையை வைத்து நீ மறுபடி ஆணியடித்துக் கொடுத்தாய். அன்றோடு உன் வேலை போயிற்று. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுவரை உன்கூட நடந்தேன். "கல்யாணத்துக்கு வரமாட்டேன், கேட்டியா? மொதலாளி இருப்பாரு" என்றாய். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

வித்துராவில் நீ சேர்ந்த ஹார்டுவேர் கடையை ஒருமுறை தேடி வந்தேன். எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். நீ யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாய். அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். போன மழைக்காலத்தில் நீ காய்ச்சலில் போன செய்தி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதிலிருந்து எதை வெட்ட எடுத்தாலும், ஸ்கேலை வைத்ததும் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது.

இன்று ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தேன். பூச்சி ஓரங்களைத்தான் தின்றிருந்தது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது, 'வெட்டு' வரியில் உன் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் பள்ளமாகத் தெரிந்தது. உன் ரப்பர் கரியை மட்டும்தான் எடுத்திருந்தது.

மாலையில் வந்த அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், வெட்டியது நீ இல்லை, நான் என்று. மொபைலைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். "அச்சன் போயிட்டு எத்ர நாளாயி, சேட்டா. இனி அதொக்கெ எந்தினா?" என்றாள். அப்பா போய் எவ்வளவோ நாளாகிவிட்டது, இனி அதெல்லாம் எதற்காம். முதலாளியும் போய்விட்டார். நான் பயந்த ஆட்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. யாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டுமோ, அந்த நீயும் இல்லை.

புது அட்டையில் 'வெட்டு' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். 'ஆணி' என்ற இடத்தில் உன் பெயர். உன் பழைய ஆணிகளையே நிமிர்த்தி அடித்தேன். பழைய அட்டையை அவள் கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. கடையைப் பூட்டும் முன் அதில் உன் பெயரின்மேல் விரலை ஓட்டினேன். அடியில் என் பெயர் தட்டுப்பட்டது.