அவிழ்க்காத காப்பு

புரட்டாசி 4, ஞாயிறு இரவு.

இருந்தது நான், என் வீட்டுக்காரர், நாத்தனார் செல்வி, நைனார்பாளையத்திலிருந்து நடந்தே வந்த நர்ஸம்மா.

முடக்குவாதத்துக்கு டாக்டர் சொன்னபடி இரண்டு வேளையும் இருபது நிமிஷம் வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுகிறேன். ரத்தம் நன்றாக ஓடினால் வலி குறையும் என்றார். ஒரு வேளைகூட விடவில்லை, குறித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் இடது கை நீலம் பாரித்துவிட்டது.

நர்ஸம்மா கத்தினாங்க. "இன்னாம்மா இது, வீங்கின மணிக்கட்டுல நூல இறுக்கிக்கினு? ரத்தம் எப்படிப் போவும்? அறுத்துப் போடு."

"திருவிழா முடியாம காப்ப அறுத்தா தெய்வக்குத்தம்ங்க" என்றாள் செல்வி.

"அம்மனுக்கு உங்க அண்ணி கை எதுக்குடி?" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

இந்தக் கை குணமாகத்தான் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக் காப்புக் கட்டினேன். இடஒதுக்கீட்டு மறியலில் கள்ளக்குறிச்சி ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். திருவிழா நின்றுபோச்சு. காப்புக் கட்டிப் பதிமூன்று நாளாகிறது. சுண்டுவிரலைக் கிள்ளினால் தெரியவில்லை.

அம்மன் படத்தின் மேல் இரண்டு பூ வைத்திருக்கிறேன். வெள்ளை விழுந்தால் அறுப்பேன், சிவப்பு விழுந்தால் அறுக்க மாட்டேன். இரண்டும் அப்படியே இருக்கிறது.

தாயே, விடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடு.