ஒரே ஜன்னல் வைத்த விமானம்

கெய்ரோவையே கலக்கும் சித்திரக்காரியே, என் தங்கை மகளே,

நான் ஹஜ் முடித்துத் திரும்புவதற்குள் நம் ஊர்ச் சுவர்களில் படம் போடும் ஷஹாத்தா, ஊர் வழக்கப்படி என் வீட்டு முன்சுவர் முழுக்க என் பயணத்தை வரைந்து வைத்துவிட்டான். அதன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, விடுமுறையில் வந்து பிழைகளைத் திருத்தி, விமானத்துக்கு வரிசையாக ஜன்னல்கள் போடுவதாக எழுதியிருக்கிறாய். தாயே, வேண்டாம்!

உண்மைதான். விமானம் கழுதையைவிடச் சிறியது. நான் விமானத்தைவிடப் பெரியவன். கோழி துரத்தினாலே ஓடுகிற நான் அந்தச் சுவரில் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கிறேன். நைல் நதியே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது.

ஆனால் அந்த ஒற்றை ஜன்னலில் இரண்டு முகங்கள் இருக்கின்றன, கவனித்தாயா? என்னோடு வர இருந்தவள், ரமலானுக்கு முன்பே நாம் அடக்கம் செய்த உன் மாமி, என் பக்கத்தில் சிரிக்கிறாள்.

"டேய், அவ வரவே இல்லையேடா!" என்றேன் ஷஹாத்தாவிடம்.

"உங்க விமானத்துலதான் டிக்கெட் கேப்பாங்க, ஹாஜி. என் விமானத்துல யாரு கேக்கப் போறா?" என்றான்.

உலகத்து அருங்காட்சியகங்களை எல்லாம் தலைகீழாகக் கவிழ்த்தாலும் இப்படி ஒரு பதில் விழாது. அன்றிலிருந்து என் டீ அந்தச் சுவரடியில்தான்.

சிங்கத்துக்கு வேண்டுமானால் இன்னும் நாலு பல் வை. ஜன்னலில் மட்டும் கை வைக்காதே. நெருக்கியடித்து உட்காருவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

இப்படிக்கு,
ஊரே அண்ணாந்து பார்க்கும் உன் தாய்மாமன்